கிழக்கு ஆப்பிரிக்க சஃபாரி நாட்டில் குடும்பத்தோடு குறைந்த செலவில் வண்டியோட்டிப் பயணம்: திட்டமிடும் முறை

கென்யா, தான்சானியா, உகாண்டா ஆகிய நாடுகளில் தாங்களே வண்டியோட்டிக் குடும்பத்துடன் காட்டு விலங்குகளைப் பார்க்க விரும்புவோர் பெரும்பாலும் விமானக் கட்டணத்தையும் தங்கும் செலவையும்தான் முதலில் கணக்கிடுகிறார்கள். கூடாரத்தில் தங்கி, அடுப்பு மூட்டிச் சமைத்தால் செலவு தானாகக் குறைந்துவிடும் என்பது அந்தக் கணக்கின் அடிப்படை. ஆனால் இந்த நாடுகளில் பணம் கரையும் இடம் பூங்காவின் நுழைவாயில். ஆளுக்கு இவ்வளவு, நாளுக்கு இவ்வளவு என்று டாலரில் வசூலிக்கப்படும் நுழைவுக் கட்டணம் உணவு, எரிபொருள், முகாம் ஆகியவற்றின் மொத்தச் செலவையும் எளிதில் தாண்டிவிடும். ஆகவே பயணத் திட்டத்தை வரைபடத்தில் தொடங்காமல் கட்டணப் பட்டியலில் தொடங்குவதே சிக்கனத்துக்கு முதல் வழி.

பெற்றோர் இருவர், பத்து வயதுப் பிள்ளை, நான்கு வயதுப் பிள்ளை என்று ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்வோம். கென்யாவின் மசாய் மாரா காப்பகத்தை நரோக் மாவட்ட அரசு நிர்வகிக்கிறது. 2024 முதல் அங்கே வெளிநாட்டுப் பெரியவர் ஒருவருக்கு ஜனவரி தொடங்கி ஜூன் வரை 100 டாலர், ஜூலை தொடங்கி டிசம்பர் வரை 200 டாலர். ஒன்பது முதல் பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கு 50 டாலர். எட்டு வயதும் அதற்குக் கீழும் இலவசம். அந்தச் சீட்டு காலை ஆறு மணி முதல் மாலை ஆறு மணி வரைதான் செல்லும். ஆக, அதே குடும்பத்துக்கு ஜூன் மாத இறுதியில் ஒரு பகல் 250 டாலர், ஜூலை முதல் தேதியில் 450 டாலர். தான்சானியாவின் செரெங்கெட்டியில் உயர் பருவக் கட்டணம் பெரியவருக்கு 70 டாலர், ஐந்து முதல் பதினைந்து வயதுக்குள் 20 டாலர். அதன்மேல் 18 சதவீத வரி. நம் குடும்பத்துக்கு அது 188.80 டாலராகிறது, ஆனால் அந்தச் சீட்டு 24 மணி நேரத்துக்குச் செல்லும். இந்தக் கட்டணங்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியவை; புறப்படும் மாதத்துக்கு உரிய பட்டியலை அந்தந்த நிர்வாகத்தின் தளத்தில் பார்த்த பிறகே கணக்கை முடிக்க வேண்டும்.

இந்த எண்களிலிருந்து இரண்டு வழிமுறைகள் கிடைக்கின்றன. பகல்நேரச் சீட்டு உள்ள இடத்தில் வாயிலுக்கு வெளியே மலிவான முகாமில் தங்கி, வாயில் திறக்கும்போதே உள்ளே சென்று முழுப் பகலையும் பயன்படுத்த வேண்டும்; மதியம் சென்று இறங்குவது பாதிச் சீட்டைக் கிழித்துப் போடுவதற்குச் சமம். 24 மணி நேரச் சீட்டு உள்ள இடத்திலோ பிற்பகல் இரண்டு மணிக்கு உள்ளே நுழைந்து, உள்முகாமில் இரவைக் கழித்து, மறுநாள் பிற்பகல் இரண்டு மணிக்குள் வெளியேறினால், விலங்குகள் நடமாடும் ஒரு மாலையும் ஒரு விடியற்காலையும் ஒரே கட்டணத்தில் கிடைத்துவிடும். இதையும் தாண்டிய சேமிப்பு ஒன்று உண்டு: கட்டணமுள்ள நாள்களை ஒன்றையடுத்து ஒன்றாக அடுக்காமல், இடையிடையே கட்டணமற்ற அல்லது குறைந்த கட்டண நாள்களை வைப்பது. பிள்ளைகளுக்கு அந்த ஓய்வு எப்படியும் தேவை என்பதால் சிக்கனமும் குழந்தை நலனும் இங்கே ஒரே திசையில் செல்கின்றன.

ஒரே நாட்டைத் தேர்ந்தெடுங்கள்

முதல் பயணத்தில் ஒரு நாட்டுக்குள்ளேயே இருந்துவிடுவது நல்லது என்பது என் உறுதியான கருத்து. வரைபடத்தில் மாராவும் செரெங்கெட்டியும் ஒட்டிக் கிடக்கின்றன. வில்டபீஸ்ட் எனப்படும் பெரிய மானினத்தின் மந்தைகள் எல்லையைக் கேட்காமல் கடக்கின்றன. ஆனால் அந்த இரண்டுக்கும் நடுவே பயணிகள் வண்டியில் கடக்க எல்லைச் சாவடி கிடையாது. மேற்கே இசெபானியா வழியாகவோ கிழக்கே நமங்கா வழியாகவோ நெடுந்தூரம் சுற்றித்தான் போக வேண்டும். கென்யாவில் வாடகைக்கு எடுத்த வண்டியைத் தான்சானியாவுக்குள் கொண்டுபோக வாடகை நிறுவனத்தின் எழுத்துமூல அனுமதி, தற்காலிக இறக்குமதிச் சீட்டு, இரு நாடுகளிலும் செல்லும் காப்பீடு ஆகியவை வேண்டும். மேலும் தான்சானியப் பூங்காக்களில் வெளிநாட்டுப் பதிவெண் கொண்ட வண்டிக்கு உள்நாட்டு வண்டியைவிடப் பல மடங்கு கட்டணம் டாலரில் விதிக்கப்படுகிறது. தான்சானியாதான் வேண்டுமென்றால் அதன் வடக்கு நகரமான அருஷாவில் இறங்கி, அங்கேயே வண்டி எடுப்பது முறை.

தான்சானியாவைத் தேர்ந்தெடுப்போர் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். அருஷாவிலிருந்து செரெங்கெட்டிக்குப் போகும் வழக்கமான சாலை ஙொரோங்கோரோ பாதுகாப்புப் பகுதியின் ஊடாகச் செல்கிறது. எங்கும் நிற்காமல் கடந்தாலும் அதன் நுழைவுக் கட்டணத்தைச் செலுத்தியாக வேண்டும், அதே வழியில் திரும்பினால் மறுபடியும் செலுத்த வேண்டும். வரியுடன் பெரியவருக்கு 70.80 டாலர், பத்து வயதுப் பிள்ளைக்கு 23.60 டாலர் என்று ஒரு வழிக்கு 165.20 டாலர் ஆகிறது. அங்குள்ள எரிமலைப் பள்ளத்துக்குள் வண்டியை இறக்க வேண்டுமானால் ஒவ்வொரு முறைக்கும் வண்டிக்கு மட்டும் தனியாக 295 டாலர். இதைத் தெரியாமல் போனவர்களின் பயணக் கணக்கு முதல் வாரத்திலேயே உடைந்துவிடும். செலவைக் கட்டுக்குள் வைக்க எண்ணும் குடும்பத்துக்குத் தரங்கிரே பூங்கா மட்டுமே போதுமான நிறைவைத் தரும். வறண்ட மாதங்களில் தரங்கிரே ஆற்றங்கரையில் கூடும் யானைக் கூட்டங்களை ஒரு நாளில் பார்த்துத் தீர்க்க முடியாது.

உகாண்டா பொதுவாக இந்த இரு நாடுகளையும்விட மலிவு. மர்ச்சிசன் அருவி, குயின் எலிசபெத் ஆகிய இரு பெரும் பூங்காக்களின் நுழைவுக் கட்டணம் மாராவின் உயர் பருவக் கட்டணத்தில் நாலில் ஒரு பங்கைவிடப் பெரிதாக அதிகமில்லை. வழியில் சீவா காப்பகத்தில் வெள்ளைக் காண்டாமிருகங்களைக் காவலருடன் நடந்துசென்று பார்க்கலாம். கசிங்கா கால்வாயில் படகில் போனால் நீர்யானைகளை வேண்டிய மட்டும் காணலாம். மலைக் கொரில்லாக்களைப் பார்க்க மட்டும் ஒருவருக்கு 800 டாலர் அனுமதிச்சீட்டு வேண்டும், அதுவும் பதினைந்து வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கிடையாது. சிறு பிள்ளைகள் உள்ள குடும்பம் அந்த ஆசையைப் பிற்காலத்துக்கு ஒத்திவைப்பதே சரி.

முதன்முறை போகிறவர்களுக்கு நான் பரிந்துரைப்பது கென்யா. சாலைகள் தேவலாம், கடைகள் நெருக்கமாக உள்ளன, வண்டியை விட்டு இறங்கி நடக்கக்கூடிய இடங்கள் மற்ற நாடுகளைவிட அதிகம். கீழே வருவன பெரும்பாலும் கென்யாவை வைத்தே சொல்லப்படுகின்றன.

எந்த மாதம்

மார்ச் தொடங்கி மே வரை நீண்ட மழைக்காலம். அக்டோபர் இறுதி தொடங்கி டிசம்பர் வரை குறுமழைக்காலம். ஏப்ரலும் மேயும் விடுதிகள் மலிவாக இருக்கும் மாதங்கள் என்றாலும், தானே வண்டியோட்டும் குடும்பத்துக்கு அந்த மலிவு பயன்படாது. மாராவிலும் செரெங்கெட்டியிலும் பல பகுதிகள் கரிசல் மண். ஒரு மழைக்குப் பின் அது சக்கரத்தைப் பிடித்து இழுத்துக்கொள்ளும், நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டியும் அசையாது. ஜூலை முதல் அக்டோபர் வரை வில்டபீஸ்ட் மந்தைகள் மாரா ஆற்றைக் கடக்கும் காலம், அதுவே கட்டணமும் கூட்டமும் உச்சத்தில் இருக்கும் காலம். ஆற்றைக் கடக்கும் காட்சியைக் கண்டே தீர வேண்டும் என்ற பிடிவாதம் இல்லாதவர்கள் ஜனவரி, பிப்ரவரி மாதங்களையோ ஜூன் மாதத்தின் பின்பாதியையோ தேர்ந்தெடுக்கலாம். ஜனவரியிலும் பிப்ரவரியிலும் நிலம் காய்ந்திருக்கும், கிளிமஞ்சாரோ காலையில் மேகமின்றித் தெரிய வாய்ப்பு அதிகம், மாராவின் கட்டணமும் பாதி. சிங்கம், யானை, ஒட்டகச்சிவிங்கி ஆகியவை மந்தைகளைப் போல இடம்பெயர்வதில்லை. ஆண்டு முழுவதும் அங்கேதான் இருக்கின்றன.

இரண்டு வாரத்துக்கு ஒரு பாதை

நைரோபியில் இறங்கிய மறுநாளே காட்டுக்குக் கிளம்ப வேண்டாம். வண்டியைச் சரிபார்க்கவும் பொருள் வாங்கவும் ஒரு முழு நாள் தேவைப்படும். அதன்பின் முதல் தங்கலாக நைவாஷா ஏரியை வைப்பது குடும்பங்களுக்கு மிகப் பொருத்தமானது. நைரோபியிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர்தான். புதிய வண்டியின் பழக்கத்தைக் கற்றுக்கொள்ள அந்தத் தூரம் போதும். ஏரிக்கரை முகாம்களில் இரவில் நீர்யானைகள் மேய வருவதை மின்வேலிக்கு இப்பாலிருந்து பார்க்கலாம். அருகிலுள்ள ஹெல்ஸ் கேட் தேசியப் பூங்காவில் மிதிவண்டி ஓட்டவும் நடக்கவும் அனுமதி உண்டு. வரிக்குதிரைகளுக்கும் மான்களுக்கும் நடுவே பிள்ளைகள் மிதிவண்டியில் போவதைப் போன்ற அனுபவத்தை எந்த விலையுயர்ந்த விடுதியும் தராது, கட்டணமோ புகழ்பெற்ற பூங்காக்களைவிடக் குறைவு. அங்குள்ள குறுகிய பள்ளத்தாக்கில் மட்டும் எச்சரிக்கை தேவை. தொலைவில் பெய்த மழையால் திடீர் வெள்ளம் வரும். 2019-இல் அப்படி வந்த வெள்ளத்தில் உயிர்கள் போயின. வானம் இருண்டிருந்தால் பள்ளத்தாக்குக்குள் இறங்கவே கூடாது. ஏரியில் உள்ள கிரசென்ட் தீவிலும் ஒட்டகச்சிவிங்கிகளுக்கிடையே நடக்கலாம்.

மூன்று இரவுகளுக்குப் பின் நரோக் வழியாக மாரா. செகெனானி, தலெக் ஆகிய வாயில்களுக்கு வெளியே கூடாரம் அடிக்க இடம் தரும் எளிய முகாம்கள் உள்ளன. ஒரு முழு நாள் சீட்டு. மனமும் பணமும் இருந்தால் இரண்டு. மூன்றாவது நாளை வாங்குவதற்குப் பதில் அந்தப் பணத்தை அம்போசெலி பூங்காவுக்கு வைத்துக்கொள்வது மேல். அம்போசெலியில் யானைகள் சதுப்புநிலத்தில் இறங்கி நிற்க, பின்னால் கிளிமஞ்சாரோ எழுந்து நிற்கும். கிமானா ஊரருகே வெளியில் தங்கி விடியற்காலையில் உள்ளே போனால் மலை மேகத்துக்குள் மறையும் முன் பார்த்துவிடலாம். பூங்காவின் நடுவே உள்ள பார்வைக் குன்றில் வண்டியை விட்டு இறங்கி ஏறலாம் என்பதால் பிள்ளைகள் கால் நீட்டவும் இடம் கிடைக்கிறது.

கிமானாவிலிருந்து கிழக்கே சியுலு வாயில் வழியாக மேற்கு சாவோ பூங்கா. இந்தச் சாலையில் முற்காலத்தில் காவலர் துணையுடன் வண்டிகள் வரிசையாகச் சென்ற வழக்கம் உண்டு. புறப்படும் முன் தங்குமிடத்தில் நிலவரத்தைக் கேட்டுக்கொள்ள வேண்டும். வழியில் கருத்து இறுகிக் கிடக்கும் ஷெத்தானி எரிமலைக் குழம்புப் பரப்பு வருகிறது. மேற்கு சாவோவின் இம்சிமா ஊற்றில் காவலருடன் நடந்துபோய், நீருக்கடியில் அமைந்த கண்ணாடி அறையிலிருந்து மீன்களையும், வாய்ப்பிருந்தால் நீர்யானைகளையும் பார்க்கலாம். 1948-இல் அறிவிக்கப்பட்ட சாவோ, கிழக்கு, மேற்கு என இரண்டாகப் பிரிந்து நைரோபி–மொம்பாசா சாலையின் இருபுறமும் பரந்திருக்கிறது. கென்ய வனவிலங்குத் துறை தன் பூங்காக்களைக் கட்டண வகுப்புகளாகப் பிரித்திருப்பதில் அம்போசெலி, நகுரு ஏரி ஆகியவை உச்ச வகுப்பு. சாவோ அதற்குக் கீழ். பரப்பு பெரிது, வண்டிகள் குறைவு, செம்மண்ணில் புரண்டு சிவந்த யானைகள் ஏராளம். மாராவில் ஒரு சிங்கத்தைச் சுற்றி இருபது வண்டிகள் நிற்பதைப் பார்த்தவர்களுக்குச் சாவோவின் தனிமை பெரிய ஆறுதல். வோய் நகரில் தங்கிக் கிழக்கு சாவோவையும் பார்த்துவிட்டு நைரோபிக்குத் திரும்பலாம்.

வண்டி

சாவோவும் அம்போசெலியும் நைவாஷாவும் மட்டும் என்றால், வறண்ட பருவத்தில் உயரமான அடிப்பகுதி கொண்ட டொயோட்டா ராவ்4 போன்ற சிறிய நான்கு சக்கர இயக்க வண்டி போதும். மாராவின் உட்பாதைகள், மழை, நான்கு பேருக்கான கூடாரச் சுமை எல்லாம் சேரும்போது லேண்ட் குரூசர் தேவைப்படும். அதன் வாடகை பெரும்பாலும் நாளுக்கு நூறு டாலரைத் தாண்டும். எந்த வண்டியானாலும் கிலோமீட்டர் வரம்பு உண்டா, விபத்தில் நாம் ஏற்க வேண்டிய தொகை எவ்வளவு, கண்ணாடியும் டயரும் காப்பீட்டில் அடங்குமா, வழியில் பழுதானால் மாற்று வண்டி எத்தனை மணி நேரத்தில் வரும் என்ற கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். இந்த நான்கிலும் தெளிவான பதில் தரும் நிறுவனம் நாளுக்குப் பத்து டாலர் கூடுதலாகக் கேட்டாலும் அதையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

கூரைக் கூடாரம் பெரும்பாலும் இருவருக்கான அகலம் கொண்டது. நால்வர் உள்ள குடும்பத்துக்கு இரண்டு கூரைக் கூடாரங்கள் உள்ள வண்டி வேண்டும், அல்லது ஒன்று மேலே, தரைக் கூடாரம் ஒன்று கீழே. சிறு பிள்ளை நள்ளிரவில் சிறுநீர் கழிக்க ஏணியில் இறங்க வேண்டியிருக்கும் என்பதை முன்கூட்டியே நினைத்துப் பாருங்கள்; வேலியில்லாத முகாமில் அது நடக்கவே கூடாது. மூடியுள்ள ஒரு வாளியைக் கூடாரத்துக்குள் வைத்துக்கொள்வதே எளிய தீர்வு.

வண்டியைக் கையில் வாங்கும்போது அவசரப்படாமல் ஒரு மணி நேரம் செலவிடுங்கள். ஸ்டெப்னி இரண்டு இருக்க வேண்டும். அவற்றிலும் காற்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஜாக்கியை அங்கேயே தூக்கிப் பார்த்து, சக்கர நட்டுகளுக்கான சாவி பொருந்துகிறதா என்று சோதிக்க வேண்டும். நான்கு சக்கர இயக்கத்தைப் பணியாளர் முன்னிலையில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பின்னிருக்கைகளில் சீட் பெல்ட் இருக்கிறதா என்பதை முன்பதிவின்போதே கேட்டுவிடுவது நல்லது, ஏனெனில் பழைய வண்டிகளில் அது இல்லாமல் இருப்பதுண்டு. பிள்ளைகளுக்கான இருக்கையை ஊரிலிருந்தே கொண்டுபோவது பாதுகாப்பு. எச்சரிக்கை முக்கோணங்கள், தீயணைப்புக் கருவி, முதலுதவிப் பெட்டி ஆகியவற்றைச் சாலையோரக் காவலர்கள் கேட்பார்கள்.

சொந்த வண்டியைப் பிற நாட்டிலிருந்து ஓட்டி வருவோருக்கு மட்டும் கார்னே எனப்படும் சுங்க ஆவணமும், ஆப்பிரிக்க நாடுகளின் வணிகக் கூட்டமைப்பான கோமெசாவின் மஞ்சள் அட்டைக் காப்பீடும் முக்கியம். மஞ்சள் அட்டை கென்யா, உகாண்டா, ருவாண்டா, தான்சானியா நான்கிலும் செல்லும். ஒரே நாட்டுக்குள் வாடகை வண்டி ஓட்டுவோர் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. பயண அனுமதியைப் பொறுத்தவரை, கென்யா 2024 ஜனவரி முதல் விசாவுக்குப் பதிலாக மின்னணுப் பயண அனுமதியை நடைமுறைப்படுத்தியிருக்கிறது. அதைக் கைக்குழந்தை உட்பட ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பெற வேண்டும். கென்யா, உகாண்டா, ருவாண்டா மூன்றையும் சேர்த்துப் பார்ப்பவர்களுக்கு 100 டாலரில் 90 நாள் செல்லும் கிழக்கு ஆப்பிரிக்கச் சுற்றுலா விசா உண்டு. தான்சானியா அதில் சேராது.

சாலையில்

கென்யா, தான்சானியா, உகாண்டாவில் வண்டிகள் சாலையின் இடப்புறம் செல்கின்றன, ருவாண்டாவில் வலப்புறம். இந்த நாடுகளில் இரவில் ஓட்டக் கூடாது என்பதை மாற்ற முடியாத விதியாக வைத்துக்கொள்ளுங்கள். விளக்கில்லாத லாரிகள், நடந்து செல்லும் மக்கள், சாலையில் படுத்திருக்கும் மாடுகள், அறிவிப்பின்றி வரும் வேகத்தடைகள் எல்லாம் இருட்டில் கண்ணுக்குத் தெரியாது. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் ஆண்டு முழுவதும் மாலை ஆறரை, ஏழு மணியளவில் இருட்டிவிடும். ஆகவே பிற்பகல் நான்கு மணிக்குள் தங்குமிடம் சேரும்படி ஒவ்வொரு நாளையும் அமையுங்கள். தூரத்தைக் கிலோமீட்டரில் கணக்கிடாமல் மணியில் கணக்கிட வேண்டும்: தார்ச்சாலையில் மணிக்கு 60, சரளையில் 35, பூங்காவுக்குள் 20 என்று வைத்துக்கொண்டால் ஏமாற்றம் வராது. பிள்ளைகளுடன் ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் பயணம் வேண்டாம்.

நைரோபி–நகுரு, நைரோபி–மொம்பாசா ஆகிய நெடுஞ்சாலைகளில் லாரிகளும் மட்டாத்து எனப்படும் சிற்றுந்துகளும் துணிந்து முந்தும். எதிரே முந்திக்கொண்டு வருபவர் ஒதுங்குவார் என்று நம்பக் கூடாது. நாம்தான் வேகம் குறைத்து ஓரம் ஒதுங்க வேண்டும். ஊர் எல்லைக்குள் 50 கிலோமீட்டர்தான் வேகம். தான்சானியாவில் ஊருக்கு ஊர் காவலர்கள் வேகமானியுடன் நிற்பார்கள். அபராதம் கேட்டால் பொறுமையாகப் பேசி, அரசு ரசீது வாங்கிக்கொண்டே செலுத்துங்கள். சரளைச் சாலையில் டயரின் காற்றைச் சற்றுக் குறைத்தால் அலையலையான மேடுகளின் அதிர்ச்சியும் பஞ்சரும் குறையும். டாங்க் பாதியானதும் அடுத்த பெட்ரோல் பங்கிலேயே நிரப்பிவிடுவது பழக்கமாக வேண்டும். இணையமின்றி இயங்கும் வரைபடத்தைக் கைப்பேசிகள் இரண்டில் இறக்கி வைத்திருங்கள். பூங்காவுக்குள் சிக்னல் கிடைக்காத இடங்கள் பல உள்ளன.

முகாமும் சாப்பாடும்

பூங்காக்களின் உள்ளே இருக்கும் பொது முகாம் திடல்களுக்கு வேலி கிடையாது, சிலவற்றில் தண்ணீரும் கிடையாது. கழுதைப்புலிகள் இரவில் சுற்றிவரும். வெளியே விட்ட செருப்பையும் பாத்திரத்தையும் தூக்கிக்கொண்டு போகும். உணவு எதையும் கூடாரத்துக்குள் வைக்காமல் வண்டியில் பூட்டுவது கட்டாயம். பகலில் பபூன் குரங்குகள் அதைவிடத் தொல்லை: வண்டிக் கண்ணாடி நாலு விரல் இறங்கியிருந்தாலும் கை விட்டு எடுத்துவிடும். இருட்டிய பின் பிள்ளைகள் பெரியவரின் கையைப் பிடிக்காமல் ஓரடியும் எடுத்து வைக்கக் கூடாது. ஙொரோங்கோரோவின் விளிம்பில் உள்ள முகாம் 2,300 மீட்டருக்கு மேல் இருக்கிறது. நிலநடுக்கோட்டு நாடு என்று மெல்லிய போர்வையோடு போனால் பிள்ளைகள் குளிரில் நடுங்குவார்கள். நைவாஷாவிலும் இரவுகள் குளிர்ந்தவையே.

உணவில் இந்த நாடுகள் நமக்கு மிக இணக்கமானவை. சப்பாத்தி கென்யாவின் அன்றாட உணவு. அதனுடன் பாசிப்பயற்றுக் குழம்போ பீன்ஸ் குழம்போ சாலையோரக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். மக்காச்சோள மாவில் கிண்டும் உகாலியும் கீரைப் பொரியலும் எல்லா ஊரிலும் உண்டு. உகாண்டாவில் முட்டையைச் சப்பாத்தியில் சுருட்டித் தரும் ரோலெக்ஸ் பிள்ளைகளுக்குப் பிடித்துவிடும். நைரோபியின் பேரங்காடிகளில் அரிசி, பருப்பு, மசாலாத் தூள் அனைத்தும் கிடைப்பதால் ஊரிலிருந்து மூட்டை கட்ட வேண்டியதில்லை. காய்கறிகளை வழியோரச் சந்தைகளில் வாங்குங்கள். நெகிழிப் பைகளைக் கென்யா 2017-இலும் தான்சானியா 2019-இலும் தடை செய்துவிட்டன. ருவாண்டா அவற்றுக்கும் முன்பே தடை செய்தது. கென்யப் பூங்காக்களுக்குள் ஒருமுறை பயன்படுத்தும் நெகிழி பாட்டில்களும் 2020 முதல் கூடாது. துணிப்பைகளும், வீட்டிலிருந்து கொண்டுபோகும் தண்ணீர் பாட்டில்களும், இருபது லிட்டர் நீர்க்கலனும் வேண்டும்.

பணம் செலுத்தும் முறையையும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். கென்ய வனவிலங்குத் துறையின் பூங்காக்களில் ரொக்கம் செல்லாது. அரசின் இ-சிட்டிசன் தளத்தில் முன்கூட்டியே செலுத்திவிட்டுச் சீட்டைக் கைப்பேசியில் வைத்திருக்க வேண்டும். தான்சானியப் பூங்கா வாயில்களில் வங்கி அட்டைதான். ஆகவே வெவ்வேறு வங்கிகளின் அட்டைகள் இரண்டாவது தேவை. ஊர்க் கடைகளுக்குக் கென்யாவில் 2007 முதல் இயங்கும் எம்-பெசா கைப்பேசிப் பணமே எல்லாம்; கடவுச்சீட்டைக் காட்டி சிம் வாங்கும்போதே அதையும் பதிவு செய்துகொள்ளலாம். டாலர் தாள்களைக் கொண்டுபோனால் அண்மை ஆண்டுகளில் அச்சானவையாக, கிழிசலும் கறையும் இல்லாதவையாக இருக்கட்டும். முகாம்காரர் ஒருவர் சுவாஹிலியில் நேரம் சொன்னால் அவர் கணக்கு சூரிய உதயத்திலிருந்து தொடங்குகிறது என்பதையும் மறக்க வேண்டாம்: அவருடைய இரண்டு மணி நமக்குக் காலை எட்டு.

பிள்ளைகளின் நாள்

விலங்குகள் நடமாடுவது விடிந்ததிலிருந்து பத்து மணி வரையும், பிற்பகல் மூன்றரைக்குப் பின்னும்தான். நடுப்பகலில் பிள்ளைகளை வண்டிக்குள் அடைத்து வைத்து ஓட்டுவதால் யாருக்கும் பயனில்லை. காலை ஆறு மணிக்குப் பசியோடு கிளம்பாமல், தேநீரும் ரொட்டியும் வண்டியிலேயே கொடுத்துக் கிளம்பி, பத்து மணிக்கு அனுமதிக்கப்பட்ட உணவுத் திடலில் இறங்கி முழுச் சாப்பாடு சாப்பிட்டு, நிழலில் இரண்டு மூன்று மணி நேரம் ஓய்வெடுத்து, மீண்டும் மாலையில் போகலாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி இருநோக்கி வாங்கிக் கொடுப்பது நல்ல முதலீடு. ஒன்றே இருந்தால் சிங்கம் போகும்வரை சண்டைதான் நடக்கும். சிங்கத்தை மட்டுமே தேடி ஓட வேண்டாம். சாணத்தை உருட்டிச் செல்லும் வண்டையும், மரக்கிளை முழுதும் தொங்கும் தூக்கணாங்குருவிக் கூடுகளையும் நின்று பார்க்கும் குடும்பத்துக்கு அலுப்பு வருவதில்லை. சாளரத்துக்கு வெளியே கையோ தலையோ நீட்டக் கூடாது, இறங்க அனுமதியுள்ள இடம் தவிர வேறெங்கும் கதவைத் திறக்கக் கூடாது, யானையின் வழியை மறித்து நிற்கக் கூடாது என்ற மூன்றையும் முதல் நாளிலேயே பிள்ளைகளின் மனத்தில் பதிய வைப்பது பெற்றோரின் கடமை.

உடல்நலம்

சிக்கனம் செல்லாத இடம் இது. புறப்படுவதற்கு ஆறு வாரங்களுக்கு முன்பே பயண மருத்துவரைப் பாருங்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாமல் உகாண்டாவுக்குள் நுழைய முடியாது. இந்தியாவும் இலங்கையும் கென்யாவிலிருந்தும் உகாண்டாவிலிருந்தும் திரும்புவோரிடம் அதைக் கேட்கின்றன. ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்தே சான்றிதழ் செல்லுபடியாகும், அதன்பின் வாழ்நாள் முழுவதும் செல்லும். ஒன்பது மாதம் நிறையாத குழந்தைகளுக்குப் பொதுவாக இந்த ஊசி போடுவதில்லை. மலேரியாத் தடுப்பு மாத்திரையின் வகையும் அளவும் பிள்ளையின் வயதையும் எடையையும் பொறுத்தவை. பெரியவருக்கான மாத்திரையை உடைத்துக் கொடுப்பதை ஒருபோதும் செய்யாதீர்கள். மாலையில் முழுக்கை ஆடை, கொசு விரட்டி, வலையுள்ள கூடாரம் மூன்றும் சேர்ந்தே வேலை செய்யும். செட்சி ஈக்கள் கருப்பு, அடர்நீலம் ஆகிய நிறங்களை நாடி வரும் என்பதால் தரங்கிரே, செரெங்கெட்டிப் பக்கம் போவோர் மண்நிற ஆடைகளை எடுத்துச் செல்லுங்கள். விக்டோரியா ஏரியில் பிள்ளைகளை இறக்க வேண்டாம். நத்தை வழியே பரவும் பில்ஹார்சியா ஒட்டுண்ணி அந்த நீரில் உண்டு.

நைரோபியை மையமாகக் கொண்ட ஆம்ரெஃப் பறக்கும் மருத்துவச் சேவை, பயணிகளுக்குக் குறுகிய கால விமான மீட்புத் திட்டத்தை வழங்குகிறது. ஒரு பூங்கா நாளின் கட்டணத்தோடு ஒப்பிட்டால் அது சிறிய தொகை. குடும்பத்துடன் போகும் எவரும் அதை எடுக்காமல் போகக் கூடாது என்பேன். மலேரியாத் தடுப்பு மாத்திரையை ஊர் திரும்பிய பின்னும் மருத்துவர் சொன்ன நாள்வரை தொடர வேண்டும். அடுத்த சில மாதங்களுக்குள் பிள்ளைக்கோ பெரியவருக்கோ காய்ச்சல் கண்டால், கிழக்கு ஆப்பிரிக்கா சென்று வந்ததை மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லி, அன்றே இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.